இயற்கை வாயுவில் இருந்து பெற்றோல்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பு வெள்ளவத்தையில் உயர்தர மாணவர்களுக்கு இரசாயனவியல் சொல்லிக்கொடுக்கிறேன். 2022இல் பெற்றோல் வரிசை எங்கள் வகுப்பு இருக்கிற ஒழுங்கையின் வாசலையும் தாண்டி நின்றது. என்னை வகுப்புக்கு ஏற்றி இறக்கும் ஓட்டோக்கார அண்ணா இரண்டு இரவு வண்டிக்குள்ளேயே கால் மடக்கிப் படுத்துக் கிடந்துவிட்டு, மூன்றாம் நாள் காலையில் சிவந்த கண்ணோடு வந்து கேட்டார்: "டீச்சர், மன்னார்க் கடலுக்குள்ள காஸ் இருக்குதாமே. அதில பெற்றோல் செய்ய ஏலாதோ?" அன்றைக்கு அவருக்கு அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். அதன் பிறகு மாணவர்களும் பெற்றோரும் அதே கேள்வியைப் பல விதமாகக் கேட்டுவிட்டார்கள். எல்லாவற்றுக்கும் இங்கே ஒழுங்காகப் பதில் எழுதுகிறேன்.

வாயுவில் இருந்து உண்மையிலேயே பெற்றோல் செய்யலாமா?

செய்யலாம். செய்தும் இருக்கிறார்கள். துர்க்மெனிஸ்தானின் தலைநகர் அஷ்காபாத்துக்குப் பக்கத்தில், ஓவதான்-தெப்பே என்ற இடத்தில் 2019 ஜூனில் ஒரு தொழிற்சாலையைத் திறந்தார்கள். ஆண்டுக்கு 178 கோடி கன மீற்றர் இயற்கை வாயுவை உள்ளே எடுத்து, 6 இலட்சம் தொன் பெற்றோலை வெளியே தரும் கணக்கில் கட்டப்பட்டது. நாங்கள் பெற்றோல் செட்டில் அடிக்கிற அதே 92 ஒக்டேன் வகை. அதற்கும் முன்னால் 1985இலேயே நியூசிலாந்தில் இது நடந்தது. அந்தக் கதை கீழே வருகிறது.

வீட்டுக் காஸ் சிலிண்டரில் இருப்பதும் இயற்கை வாயுவும் ஒன்றுதானே?

இல்லை. இந்தக் குழப்பம் நிறையப் பேருக்கு இருக்கிறது. சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூற்றேனும். மூன்று, நான்கு காபன் உள்ள மூலக்கூறுகள். கொஞ்சம் அழுத்தினாலே திரவமாகிவிடும், அதனால்தான் சிலிண்டரை ஆட்டினால் உள்ளே தளும்புகிறது. இயற்கை வாயுவில் பெரும்பகுதி மெதேன், ஒரே ஒரு காபன். சாதாரண வெப்பநிலையில் எவ்வளவு அழுத்தினாலும் அது திரவமாகாது. திரவமாக்கிக் கப்பலில் ஏற்ற வேண்டுமென்றால் பூச்சியத்துக்குக் கீழே 162 பாகை செல்சியஸ் வரை குளிர்விக்க வேண்டும். பெற்றோலில் இருப்பவை கிட்டத்தட்ட 5 முதல் 11 காபன் வரையுள்ள மூலக்கூறுகள். ஆக, ஒரு காபனை எப்படிப் பத்துக் காபனாகக் கோப்பது என்பதுதான் முழுக் கேள்வியும்.

அதை எப்படிக் கோக்கிறார்கள்?

மெதேன் பிடிவாதமான மூலக்கூறு. ஒரு காபனைச் சுற்றி நான்கு ஐதரசன் இறுகப் பிடித்துக்கொண்டிருக்கும். இரண்டு மெதேனை நேரடியாக ஒட்டவைக்கலாம் என்று பலர் முயன்றிருக்கிறார்கள், தொழிற்சாலை அளவுக்குக் கட்டுப்படியாகிற வழி இன்னும் அமையவில்லை. அதனால் சுற்றுவழியில் போக வேண்டியிருக்கிறது: முதலில் உடைப்பது, பிறகு கட்டுவது.

முதற்படியில், வாயுவில் உள்ள கந்தகத்தை நீக்கிவிட்டு நீராவியோடு கலந்து, நிக்கல் ஊக்கி (தான் தீர்ந்துபோகாமல் தாக்கத்தை விரைவாக்கும் பொருள்) நிரப்பிய குழாய்களுக்குள் அனுப்புகிறார்கள். கந்தகம் நிக்கலுக்கு நஞ்சு, துளி மிஞ்சினாலும் ஊக்கி செயலிழக்கும். குழாய்களுக்கு வெளியே உலை எரிகிறது, உள்ளே 850 பாகை அளவில் வெப்பம். காபனோரொட்சைட்டும் ஐதரசனும் கலந்த வாயு வெளியே வருகிறது. இதைத் தொகுப்பு வாயு என்பார்கள். கடுமையான அகவெப்பத் தாக்கம் இது, அதாவது வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும், ஒரு மூலுக்கு 206 கிலோயூல் கொடுக்க வேண்டும். அந்த வெப்பத்துக்காகவே வாயுவில் ஒரு பகுதியை எரித்துவிடுகிறோம் என்பதை நினைவில் வையுங்கள், பின்னால் கணக்குப் பார்க்கும்போது தேவைப்படும்.

இரண்டாம் படி மெதனோல், ஒரே ஒரு காபன் உள்ள அற்ககோல். தொகுப்பு வாயுவை 50 முதல் 100 வளிமண்டல அழுத்தத்தில், 250 பாகை அளவில், செப்பும் நாக ஒட்சைட்டும் கலந்த ஊக்கியின் மேல் ஓடவிடுகிறார்கள். என் மாணவர்கள் வழக்கமாகத் தவறவிடும் இடம் இது: ஒரு மெதேனில் இருந்து ஒரு காபனோரொட்சைட்டும் மூன்று ஐதரசனும் வருகின்றன. மெதனோல் செய்ய இரண்டு ஐதரசன் போதும். ஒன்று மிச்சம். அதை உலைக்கே எரிபொருளாகக் கொடுக்கலாம், அல்லது வெளியே இருந்து காபனீரொட்சைட்டைச் சேர்த்துக் கூடுதல் மெதனோல் எடுக்கலாம்.

மூன்றாம் படியில்தான் பெற்றோல் பிறக்கிறது. மெதனோலில் இருந்து முதலில் கொஞ்சம் நீரை வெளியேற்றி இருமெதயில் ஈதராக மாற்றுகிறார்கள். பிறகு 350 முதல் 400 பாகையில் இசட்எஸ்எம்-5 என்ற ஊக்கியின் மேல் அனுப்புகிறார்கள். மீதி நீரும் கழன்று போய், எஞ்சியவை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு பெற்றோலாகின்றன. 32 கிலோ மெதனோல் போட்டால் 14 கிலோ ஐதரோகாபனும் 18 கிலோ நீரும் வரும். ஆம், பாதிக்கு மேல் நீர்தான். இந்த எண்களை மூலக்கூற்றுத் திணிவை வைத்து நீங்களே சரிபார்க்கலாம், பரீட்சைக்கும் உதவும்.

அந்த ஊக்கியில் அப்படி என்ன விசேடம்?

எனக்கு இந்தப் பாடத்திலேயே மிகப் பிடித்த பகுதி இதுதான். இசட்எஸ்எம்-5 என்பது சியோலைட்டு வகை. சிலிக்கனும் அலுமினியமும் ஒட்சிசனும் சேர்ந்து கட்டிய பளிங்கு, அதற்குள் வரிசை வரிசையாக நுண்துளைகள். துளையின் விட்டம் ஏறத்தாழ 0.55 நானோமீற்றர்.

இடியப்ப உரலை நினைத்துப் பாருங்கள். மாவை எப்படிப் போட்டாலும் வெளியே வரும் இழையின் பருமனைத் தீர்மானிப்பது அச்சின் துளை. இங்கும் அப்படித்தான். உள்ளே காபன்கள் எப்படி எப்படியோ கோத்துக்கொள்ளும், ஆனால் துளைக்குள்ளால் தப்பி வெளியே வரக்கூடியது 10 காபன் அளவுள்ள மூலக்கூறு வரைதான். அதைவிடப் பெரிதானவை உள்ளேயே கிடந்து மறுபடி உடைந்து சிறிதாகும். பெற்றோலின் மேல் எல்லையும் கிட்டத்தட்ட அதே இடத்தில் இருப்பது நமக்கு வாய்த்த அதிட்டம். 1970களின் தொடக்கத்தில் மொபில் நிறுவனத்தின் ஆய்வுகூடங்களில் வேறு எதையோ செய்யப் போய்த்தான் இது கண்ணில் பட்டது. மெதனோலை வேறு சேர்வைகளாக மாற்ற முயன்றவர்களின் கையில் பெற்றோல் வந்து விழுந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஊக்கியின் மேல் நாளடைவில் கரி படியும். பல தாக்கக் கலங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றில் கரியை எரித்துச் சுத்தம் செய்யும்போது மற்றவற்றை ஓடவிடுகிறார்கள்.

ஜேர்மனியர் உலகப் போரில் செய்தது இதுதானா?

இல்லை, அது வேறு வழி, மூலப்பொருளும் நிலக்கரி. பிரான்ஸ் பிஷர், ஹான்ஸ் ட்ரொப்ஷ் என்ற இருவர் 1920களில் முல்ஹைம் நகரில் கண்டுபிடித்த முறையில், தொகுப்பு வாயுவை இரும்பு அல்லது கோபாற்று ஊக்கியின் மேல் ஓடவிட்டால் நேரடியாகவே நீண்ட காபன் சங்கிலிகள் வரும். மெதனோல் படி தேவையில்லை. தென்னாபிரிக்காவின் சாசோல் 1955இல் இருந்து நிலக்கரியை வைத்து இதைச் செய்கிறது. இயற்கை வாயுவை வைத்து மலேசியாவின் பிந்துலுவில் 1993இலும் கட்டாரின் ராஸ் லஃபானில் 2000களிலும் தொடங்கினார்கள். கட்டாரின் 'பேர்ல்' தொழிற்சாலைதான் மிகப் பெரியது, நாளுக்கு 1,40,000 பீப்பாய்.

ஆனால் பிஷர்-ட்ரொப்ஷ் முறையில் வரும் சங்கிலிகள் நேராக, கிளை இல்லாமல் இருக்கும். நேர்ச்சங்கிலி டீசல் எஞ்சினுக்கு அருமை. பெற்றோல் எஞ்சினில் அது உரிய நேரத்துக்கு முன்பே தீப்பற்றி 'டக் டக்' என்று அடிக்கும், அதாவது ஒக்டேன் எண் குறைவு. அதனால் டீசல் வேண்டியவர்கள் ஒரு பாதையிலும் பெற்றோல் வேண்டியவர்கள் மெதனோல் பாதையிலும் போகிறார்கள்.

நியூசிலாந்து ஏன் செய்தது? ஏன் நிறுத்தியது?

நமக்குப் பாடம் நிறைய உள்ள கதை, கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

நியூசிலாந்தின் தரனாக்கிக் கரையோரக் கடலில் மாவி என்ற பெரிய வாயு வயலை 1969இல் கண்டுபிடித்தார்கள். 1973இல் அரசாங்கம் ஓர் ஒப்பந்தம் போட்டது: வாயுவை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் காசு கட்ட வேண்டும். சின்ன நாடு, அவ்வளவு வாயுவை எரிக்க அங்கே இடமில்லை. அதே நேரம் 1973இலும் 1979இலும் எண்ணெய் விலை எகிறியது. 1979 ஜூலை இறுதியில் இருந்து அங்கே ஒவ்வொரு கார்க்காரரும் வாரத்தில் ஒரு நாள் வண்டியை எடுக்கக்கூடாது என்று சட்டம் வந்தது. எந்த நாள் என்று காட்ட முன்கண்ணாடியில் ஒரு நிற ஒட்டி. 2022இல் வாராந்தப் பெற்றோல் பங்கீட்டுக்காகக் கைத்தொலைபேசியில் கியூஆர் காட்டிய நமக்கு அந்த ஒட்டி எதற்கு என்று விளக்கத் தேவையில்லை.

ஒரு பக்கம் எரிக்க இடமில்லாத வாயு, இன்னொரு பக்கம் வாங்கக் காசில்லாத பெற்றோல். இரண்டையும் ஒன்றாக முடிச்சுப்போடத்தான் மோட்டுனுய் என்ற இடத்தில் தொழிற்சாலையைக் கட்டினார்கள். நான்கில் மூன்று பங்கு அரசாங்கத்துக்கு, ஒரு பங்கு மொபிலுக்கு. 1985இல் பெற்றோல் வரத் தொடங்கியது. நாளுக்கு ஏறத்தாழ 14,500 பீப்பாய், நாட்டின் பெற்றோல் தேவையில் மூன்றில் ஒரு பங்கு. தொழில்நுட்பம் சொன்னபடி ஓடியது.

ஓடத் தொடங்கிய அடுத்த ஆண்டே, 1986இல், உலகச் சந்தையில் எண்ணெய் விலை பாதாளத்துக்குப் போனது. கப்பலில் வரும் பெற்றோல் மலிவு, சொந்தப் பெற்றோல் விலை கூட. 1990களின் பிற்பகுதியில் பெற்றோல் பகுதியை நிறுத்திவிட்டு மெதனோலை மட்டும் செய்து விற்றார்கள். நடுவில் நின்ற பொருளுக்கே நல்ல விலை கிடைத்தது.

இப்படிச் செய்த பெற்றோலை மோட்டார் சைக்கிளுக்கு அடிக்கலாமா?

தாராளமாக. சாதாரணப் பெற்றோலில் உள்ள அதே வகை மூலக்கூறுகள்தான், ஒக்டேன் எண் 92ஐ ஒட்டி வரும். கந்தகம் முதற்படியிலேயே போய்விடுவதால் புகை சுத்தம்.

ஒரு குறை இருந்தது. இசட்எஸ்எம்-5 கொஞ்சம் டியூரின் என்ற பொருளையும் தள்ளும். பென்சீன் வளையத்தில் நான்கு மெதயில் கூட்டங்கள் உட்கார்ந்த மூலக்கூறு. அதன் உருகுநிலை 79 பாகை. பெற்றோலில் கரைந்திருக்கும் வரை சரி. அளவு கூடினால் குளிர்ந்த காலையில் பளிங்காகப் பிரிந்து காபுரேற்றரை அடைக்கும். கொழும்பு வெக்கையில் அவ்வளவு தெரியாது, நுவரெலியாவில் விடியற்காலை கிக்கர் அடிப்பவருக்குத் தெரியும். நியூசிலாந்தில் பெற்றோலின் கனமான பகுதியைத் தனியாகப் பிரித்து, இன்னொரு ஊக்கியின் மேல் அனுப்பி டியூரினை 2 சதவீத அளவுக்குக் குறைத்தார்கள்.

ஒரு லீற்றர் பெற்றோலுக்கு எவ்வளவு வாயு போகும்?

துர்க்மெனிஸ்தான் எண்களை வைத்தே பார்ப்போம். 6 இலட்சம் தொன் பெற்றோல் என்றால் ஏறத்தாழ 81 கோடி லீற்றர். 178 கோடியை 81 கோடியால் வகுத்தால், லீற்றருக்கு 2.2 கன மீற்றர் வாயு. ஒரு கன மீற்றர் வாயுவில் உள்ள சக்தி, ஒரு லீற்றர் பெற்றோலில் உள்ளதைவிடச் சற்றுக் கூட. அதாவது இரண்டு லீற்றருக்கு மேலான சக்தியைக் கொடுத்து ஒரு லீற்றரைத் திரும்ப வாங்குகிறோம். தொழிற்சாலைக்கு வேண்டிய மின்சாரமும் வெப்பமும் அதே வாயுவில் இருந்துதான் வருகின்றன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இருந்தாலும் பாதி போய்விடுகிறது. மேலே உலையைப் பற்றிச் சொன்னேனே, போவது பெரும்பாலும் அங்கேதான்.

அப்படியென்றால் மன்னார் வாயுவில் பெற்றோல் செய்யலாமா?

ஓட்டோக்கார அண்ணாவின் கேள்வி. நேரடியாகச் சொல்கிறேன்: அந்த வாயு கரைக்கு வந்தாலும் அதைப் பெற்றோலாக்கக்கூடாது என்பது என் முடிவு.

2011இல் கெயார்ன் இந்தியாவின் இலங்கைக் கிளை மன்னார்ப் படுகையில் துளையிட்டு இரண்டு இடங்களில் வாயுவைக் கண்டது. டொராடோ, பராகுடா என்று மீன் பெயர்களை வைத்தார்கள். கடலடி வரைக்குமே 1,300 மீற்றருக்கு மேல் ஆழம். பிதுருதலாகலையின் பாதி உயரத்துக்கு மேல் தண்ணீர், அதற்குக் கீழேயும் நெடுந்தூரம் பாறையைத் துளைக்க வேண்டும். 2014இல் எண்ணெய் விலை சரிந்தது, 2015இல் நிறுவனம் விட்டுவிட்டுப் போனது. அங்கிருந்து இன்றுவரை ஒரு கன மீற்றர் கூட விற்பனைக்கு வரவில்லை.

இப்போது துர்க்மெனிஸ்தான் அளவில் ஒரு தொழிற்சாலையை இங்கே கட்டுவதாக வைத்துக்கொள்வோம். 20 ஆண்டு ஓட 3,560 கோடி கன மீற்றர் வாயு வேண்டும். கடலடியில் அவ்வளவு நிச்சயமாக இருக்கிறது என்று காட்டாமல் எந்த வங்கியும் கடன் தராது. கட்டாரின் பேர்லுக்கு 1,800 கோடி டொலருக்கும் மேல் செலவானது. கடனைக் கட்ட முடியாது என்று 2022இல் அறிவித்த நாடு நாங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். வாயுவைத் திரவ எரிபொருளாக்கும் நாடுகள் கட்டார், துர்க்மெனிஸ்தான், நைஜீரியா போன்றவை. எல்லாமே வாயு மலிந்து கிடக்கும் நாடுகள். எங்களுக்குக் கிடைக்கப்போவது ஆழ்கடலில் இருந்து செலவழித்து எடுக்கும் வாயு. அதில் பாதிச் சக்தியை உலையில் விட்டுவிட எனக்கு மனம் வராது.

பிறகு அந்த வாயுவை என்னதான் செய்வது?

மின்சாரம். கொழும்புக்கு வடக்கே கெரவலப்பிட்டியில் யுகதனவி, சோபாதனவி என்று இரண்டு மின் நிலையங்கள் இருக்கின்றன, 300, 350 மெகாவாற்று. இயற்கை வாயுவுக்கு மாறத்தக்கதாகக் கட்டப்பட்டவை. இதை எழுதும்வரை அவற்றுக்கு வாயு வரவில்லை, எண்ணெயை எரித்துத்தான் ஓடுகின்றன. அப்படியான கூட்டுச்சுற்று நிலையத்தில் (வாயுச் சுழலியின் கழிவு வெப்பத்திலும் மின்சாரம் எடுப்பது) வாயுவின் சக்தியில் பாதிக்கு மேல் மின்சாரமாகக் கிடைக்கும். மின்சார மோட்டார் அந்தச் சக்தியில் பெரும்பகுதியைச் சில்லுக்குக் கொடுக்கும். வாயுவைப் பெற்றோலாக்கினாலோ தொழிற்சாலையில் பாதி போக, மிச்சத்திலும் முக்கால்வாசியை ஓட்டோவின் எஞ்சின் வெப்பமாக வெளியே விடுகிறது. ஒரே வாயு, மின்சார ஓட்டோ பல மடங்கு தூரம் ஓடும்.

இன்னொரு வழி, வாயுவை வாயுவாகவே வண்டிக்கு அடிப்பது. டெல்லியில் பல பஸ்களும் ஓட்டோக்களும் 200 வளிமண்டல அழுத்தத்தில் அடைத்த இயற்கை வாயுவில் ஓடுகின்றன. மெதேனின் ஒக்டேன் எண் பெற்றோலைவிட உயர்வு, எஞ்சினுக்கு நல்லது. தொட்டிதான் பாரம்.

சூழலுக்கு நல்லதா?

நகரத்துப் புகைக்கு நல்லது, காலநிலைக்கு இல்லை. செய்யும்போதே பாதிச் சக்தி எரிந்து காபனீரொட்சைட்டாகிறதே.

காற்றாலையில் இருந்து பெற்றோல் செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன், உண்மையா?

உண்மை. சிலியின் தென்முனையில், புந்தா அரீனாஸ் அருகே, ஹரு ஓனி என்ற முன்னோடித் தொழிற்சாலை 2022 டிசம்பரில் தொடங்கியது. காற்று மின்சாரத்தால் நீரைப் பிரித்து ஐதரசன் எடுத்து, காபனீரொட்சைட்டோடு சேர்த்து மெதனோல் செய்கிறார்கள். அதற்குப் பிறகு வருவது மேலே சொன்ன அதே மூன்றாம் படி. ஆண்டுக்கு 1,30,000 லீற்றர் என்ற கணக்கு, அதாவது ஒரு சில பவுசர் அளவு. மன்னாரிலும் 2020இல் இருந்து தம்பபவனி காற்றாலை சுழல்கிறது. அந்த மின்சாரம் வீடுகளின் மின்குமிழுக்கும் மின்விசிறிக்கும் போவதுதான் இப்போதைக்குச் சரி.

வாட்ஸ்அப்பில் ஒருவர் தண்ணீரில் மூலிகை போட்டுப் பெற்றோல் எடுக்கிறாரே?

1996இல் தமிழ்நாட்டிலும் இதே மூலிகைப் பெற்றோல் கதை ஊரையே கலக்கியது. பெற்றோலியக் கரைப்பான்களைக் கலந்து விற்றது தெரியவந்து, 2016இல் சென்னை நீதிமன்றம் தண்டனை கொடுத்தது. தண்ணீரில் காபனே கிடையாது. பெற்றோலுக்கு வேண்டிய காபன் எங்கிருந்து வருகிறது என்று காணொளியில் சொல்கிறாரா? அதை மட்டும் பாருங்கள்.

வீட்டிலோ பாடசாலை ஆய்வுகூடத்திலோ சின்ன அளவில் செய்து பார்க்கலாமா? பெற்றோல் இல்லாவிட்டால் மெதனோலையே ஊற்றினால் என்ன?

இரண்டும் வேண்டாம். காபனோரொட்சைட்டுக்கு மணமில்லை, நிறமில்லை, மூடிய அறையில் ஆளைக் கொல்லும். மெதனோலில் ஒரு லீற்றருக்குப் பெற்றோலின் பாதிச் சக்திதான், அதோடு சாதாரண வண்டியின் றப்பரையும் அலுமினியத்தையும் அரிக்கும்.

வகுப்பில் ஒன்றை மட்டும் செய்து காட்டுவேன். கடிகாரக் கண்ணாடியில் சில துளி மெதனோல் விட்டு, யன்னல்களைத் திறந்து, எல்லோரையும் தள்ளி நிற்கவைத்துப் பற்றவைப்பேன். வெளிச்சத்தில் சுவாலை தெரியாது. "எரியேல்ல டீச்சர்" என்று யாராவது சொல்வார்கள். இடுக்கியில் பிடித்த கடதாசித் துண்டொன்றை மேலே கொண்டுபோவேன், அது பழுப்பாகிச் சுருண்டு தீப்பற்றும். பிறகு 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் இந்தத் திரவம் கலந்த சாராயத்தைக் குடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்ததைச் சொல்வேன். உடம்புக்குள் போனால் மெதனோல் போமிக் அமிலமாக மாறி முதலில் கண் நரம்பைத் தாக்கும். யாராவது தவறுதலாகக் குடித்துவிட்டால் பார்வை மங்கும் வரை காத்திருக்காதீர்கள், இலங்கையில் 1990 என்ற இலக்கத்தை அழைத்து அம்புலன்சை வரவழையுங்கள்.